கருவி நம்முடையது, கண் யாருடையது?

மாண்புமிகு இந்தியப் பாதுகாப்புத் துறை அமைச்சர் அவர்களுக்கு,



ஓசூரில் லென்ஸ் தேய்த்துப் பூச்சுப் போடும் சிறு பட்டறை ஒன்றை நடத்திவருகிறேன். தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளான சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூரில் எங்கள் ஊரும் ஒன்று. 2018 ஏப்ரலில் சென்னையை அடுத்த திருவிடந்தையில் நடந்த ராணுவத் தளவாடக் கண்காட்சியில்தான் ஐடெக்ஸ் திட்டம் தொடங்கப்பட்டது. சிறு நிறுவனங்களும் ராணுவத்துக்காக ஆராய்ச்சி செய்யலாம் என்று அரசே அழைத்தது. அந்த அழைப்பை நம்பி இந்தத் தொழிலில் முதலீடு செய்தவர்கள் பலர். அவர்களில் ஒருவனாக இந்த மடலை எழுதுகிறேன்.

இரவில் எல்லையைக் காக்கும் வீரருக்குத் தெர்மல் கேமராதான் கண். உடலும் எஞ்சினும் வெளிவிடும் வெப்பக் கதிரை அது படமாக்குகிறது. 8 முதல் 12 மைக்ரான் வரையிலான அந்தக் கதிர், ஜன்னல் கண்ணாடியிலோ சாதாரண கேமரா லென்ஸிலோ நுழையாது. ஆகவே அதற்கு ஜெர்மானியம் என்ற தனிமத்தில் லென்ஸ் செய்கிறோம். சாம்பல் நிறத்தில் உலோகம் போலப் பளபளக்கும் அந்த வில்லை வழியே நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெப்பக் கதிருக்கு மட்டும் அது வழிவிடும்.

அந்த வழியும் எளிதாகத் திறப்பதில்லை. பூச்சில்லாத ஜெர்மானியம் வில்லையில் விழும் கதிரில் பாதிக்கும் மேல், இரு பரப்புகளிலும் பட்டுத் திரும்பிவிடும். வெற்றிட அறையில் மைக்ரான் கணக்கில் அடுக்கடுக்காகப் பூச்சுப் போட்டால்தான் கதிர் உள்ளே போகும். வெளிப் பரப்புக்கு மணலையும் மழையையும் தாங்க வைரம் போன்ற கடினக் கரிமப் பூச்சு வேண்டும். பூச்சு முடிந்ததும் லென்ஸின் மேல் டேப்பை ஒட்டிச் சடக்கென்று உரிப்போம். டேப்பில் ஒரு செதில் வந்தாலும் அந்த லென்ஸ் கழிவுதான். அதில் தேறினால் சொரசொரப்பான ரப்பரால் அழுத்தித் தேய்ப்போம். பிறகு உப்புப் பனி அறை, ஈரப்பதம், கடுங்குளிர், கடும் வெப்பம் என்று வரிசையாகச் சோதனைகள். இவை ஒவ்வொன்றும் நியாயமானவை. சியாச்சினிலும் தார் பாலைவனத்திலும் ஒரே லென்ஸ் வேலை செய்தாக வேண்டும். எனவே தரத்தில் எந்தச் சலுகையும் எங்களுக்கு வேண்டாம்.

எங்கள் கவலை மூலப்பொருளைப் பற்றியது. உலகின் ஜெர்மானியத்தில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஜெர்மானியம், காலியம் இரண்டின் ஏற்றுமதிக்கும் உரிமம் கட்டாயம் என்று அந்நாடு அறிவித்தது. அந்த விதி நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் நம் அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெற்றிருந்தன. அந்த ஆகஸ்டுக்குப் பிறகு எங்களைப் போன்றவர்கள் விலை கேட்டே களைத்துப்போனோம். பெரிய நிறுவனங்கள் மொத்தமாக வாங்கி இருப்பு வைக்கலாம். ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை.

மாற்றுப் பொருட்கள் உண்டு. செலினியம், ஆர்செனிக் போன்றவற்றை உருக்கிச் செய்யும் சால்கோஜனைடு கண்ணாடி அவற்றில் முக்கியமானது. ஜெர்மானியம் வெப்பம் ஏற ஏறக் கதிரை உறிஞ்சத் தொடங்கும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அதன் பயன் பெரிதும் குறைந்துவிடும். சால்கோஜனைடு அந்த வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும், அச்சில் அழுத்தியும் லென்ஸாக வார்க்கலாம். ஆனால் துளி ஆக்சிஜன் கலந்தாலும் கண்ணாடி கெட்டுவிடும் என்பதால், காற்றை வெளியேற்றி மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள், உலையை ஆட்டியபடியே உருக்க வேண்டும். முதல் பல உருக்குகள் வீணாகும் என்று எண்ணியே இறங்க வேண்டிய வேலை இது.

அமெரிக்கா இதை எப்படிக் கையாள்கிறது? அங்குள்ள கடற்படை ஆராய்ச்சிக்கூடம் புதிய சால்கோஜனைடு கண்ணாடிகளை உருவாக்கி, அவற்றைத் தயாரிக்கும் உரிமத்தை ஓர்லாண்டோவில் உள்ள லைட்பாத் என்ற சிறிய நிறுவனத்துக்கு அளித்தது. அதோடு 1982-ல் சட்டப்படி தொடங்கிய சிறுதொழில் ஆராய்ச்சித் திட்டமும் உண்டு. முதல் கட்டத்தில் சிறு தொகை கொடுத்து யோசனை தேறுமா என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் பெரிய தொகை கொடுத்து மாதிரி செய்யச் சொல்வார்கள். மூன்றாம் கட்டத்தில் மறு டெண்டர் இல்லாமல் அந்த நிறுவனத்திடமே வாங்க அரசுத் துறைக்குச் சட்டம் இடமளிக்கிறது.

நம்மிடமும் திட்டங்களுக்குக் குறைவில்லை. ராணுவத்தின் தேவைகளைச் சவால்களாக அறிவிக்கும் ஐடெக்ஸில் 1.5 கோடி ரூபாய் வரை மானியம் உண்டு, பெரிய சவால்களுக்கு அதற்கு மேலும் உண்டு. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ. நடத்தும் தொழில்நுட்ப வளர்ச்சி நிதியின் உச்சவரம்பு 50 கோடியாக உயர்ந்திருக்கிறது. 2022-23 பட்ஜெட்டில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியில் 25 விழுக்காடு தொழில்துறைக்கும் ஸ்டார்ட்அப்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. இவையெல்லாம் மனதாரப் பாராட்ட வேண்டியவை.

ஆனால் அறிவிக்கப்படும் சவால்களில் பெரும்பாலானவை முழுக் கருவியைத்தான் கேட்கின்றன. கண்ணாடி உருக்குபவரும் பூச்சுப் போடுபவரும் முழுக் கருவி செய்ய முடியாது. கருவி செய்பவரோ லென்ஸை வெளிநாட்டில் வாங்கிப் பொருத்திவிடலாம். நம் கொள்முதல் விதிப்படி, உள்நாட்டில் வடிவமைத்த கருவிக்கு மதிப்பில் குறிப்பிட்ட விழுக்காடு உள்நாட்டுப் பங்கு இருந்தால் முதல் முன்னுரிமை கிடைக்கும். அந்த விழுக்காட்டுக் கணக்கில் பெட்டியும் மென்பொருளும் சேர்ந்துவிடும். எல்லை அடைபட்டால் எது கிடைக்காமல் போகும் என்ற கேள்விக்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

ஆகவே நான்கு வேண்டுகோள்கள்.

முதலாவது, மூலப்பொருள், லென்ஸ், பூச்சு ஆகியவற்றுக்கென்று ஐடெக்ஸில் தனிப் பிரிவு வேண்டும். தொடக்கத்தில் சிறு தொகை போதும். அதை விரைவாகத் தர வேண்டும். விண்ணப்பதாரரும் சரிபாதி போட வேண்டும் என்ற நிபந்தனை இந்தக் கட்டத்துக்கு வேண்டாம். பத்து யோசனைகளில் ஏழு தோற்கும் என்று ஏற்றுக்கொண்டுதான் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்க முடியும்.

இரண்டாவது, டேராடூனில் உள்ள ஐ.ஆர்.டி.இ., கொல்கத்தாவின் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிலையம், ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. போன்ற நிலையங்களில் கண்ணாடிகளையும் ஒளிபுகும் பீங்கான்களையும் பற்றிய அறிவு பல்லாண்டுகளாகச் சேர்ந்திருக்கிறது. அதைச் சிறு நிறுவனங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உரிமமாகக் கொடுங்கள். ஆய்வறிக்கையாக அலமாரியில் இருப்பதைவிட அது பட்டறையில் உலையேறுவதுதான் நாட்டுக்கு லாபம்.

மூன்றாவது, பாதுகாப்புச் சோதனை உள்கட்டமைப்புத் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டில் எலக்ட்ரோ ஆப்டிக்ஸ் சோதனை மையம் அமைக்க, இந்தியா ஆப்டெல் நிறுவனத்தின் தலைமையில் 2024 ஜூலையில் ஒப்பந்தமானது. அந்த மையத்தில் சிறு நிறுவனங்களுக்கென்று மாதந்தோறும் குறிப்பிட்ட நாட்களை ஒதுக்குங்கள். தோற்ற லென்ஸ் ஏன் தோற்றது என்ற முழு அறிக்கையையும் கொடுங்கள். தேறியது, தேறவில்லை என்ற ஒரு வரித் தாளை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

நான்காவது, ஆர்டர். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த கொள்முதல் கையேடு, உள்நாட்டில் உருவாக்கிய பொருளுக்கு ஐந்து ஆண்டுகள் வரை ஆர்டர் உறுதி தர வழிசெய்கிறது. அந்த உறுதி, கருவி செய்யும் பெரிய நிறுவனத்தோடு நின்றுவிடாமல் அதற்கு லென்ஸ் கொடுப்பவர் வரை இறங்கி வர வேண்டும். சிறுதொழில் சட்டம் சொல்லும் 45 நாட்களுக்குள் பணம் கைக்கு வருவதும் அதில் அடங்கும். மாதிரி தேறிய பிறகு ஆர்டருக்காகக் காத்திருக்கும் மாதங்களில்தான் சிறு நிறுவனங்கள் மூடப்படுகின்றன. அங்கு பயிற்சி பெற்ற பாலிஷ் தொழிலாளி வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அந்தக் கைத்திறனை மறுபடி உருவாக்க ஆண்டுகள் ஆகும்.

அமைச்சர் அவர்களே, இந்த நான்குக்கும் புதிய சட்டம் தேவையில்லை. இருக்கும் திட்டங்களின் விதிகளில் சில வரிகளை மாற்றினால் போதும். அடுத்த ஐடெக்ஸ் சவால் பட்டியலிலேயே அகச்சிவப்புக் கண்ணாடியையும் லென்ஸ் பூச்சையும் தனித் தலைப்புகளாகச் சேர்க்க உத்தரவிடுங்கள். செய்து காட்ட நாங்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓசூரிலிருந்து ஒரு சிறுதொழில் முனைவோர்