மடியில் இருக்கும் கத்தி யாருடையது?



தோட்டத்தில் கத்தி என்றால் காட்டுக்கத்தியும் தேங்காய் பறிக்கும் கொக்கைக் கத்தியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காலை முதல் மாலை வரை எங்களோடு இருப்பது மடியில் கிடக்கும் வில்லுக்கத்தி. பசளை மூடை பிரிப்பது, நாற்றுப் பையைக் கிழிப்பது, நைலோன் கயிறு அறுப்பது, முள் எடுப்பது எல்லாம் அதனால்தான். அதைப் பற்றி நாங்கள் ஒரு கூட்டத்திலும் கதைத்ததில்லை.

கடந்த பசளைக் காலத்தில் எங்கள் தோழர் ஒருவர் மூடையின் வாயைக் குத்தித் திறந்தபோது கத்தி மடங்கி அவருடைய சுட்டுவிரலில் இறங்கியது. நரம்பு அறுந்து, விரல் இன்றுவரை முழுதாக மடங்குவதில்லை. நிர்வாகம் சொன்ன பதில்: "அது உங்களுடைய சொந்தக் கத்திதானே?" அந்தப் பதில்தான் எங்களை எழுத வைத்தது.

முதலில் கத்தியைப் பார்ப்போம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் வில்லுக்கத்திகள் பலவற்றில் பூட்டு இல்லை. அலகை வில் ஒன்று பிடித்திருக்கும், அவ்வளவுதான். இழுத்து அறுக்கும்போது பிரச்சினை இல்லை. நுனியால் குத்தினால் அலகு பின்னால் மடங்கும், விரல் அங்கேதான் இருக்கும். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் விவசாயிகளுக்காகச் செய்யத் தொடங்கிய ஒப்பினெல் கத்திக்கும் முதலில் பூட்டு இருக்கவில்லை. 1955இல்தான் கழுத்தில் திருகிப் பூட்டும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். எனவே வாங்கும்போது முதல் கேள்வி பூட்டு. கத்தியை விரித்துப் பூட்டி, விரல்களை அலகின் பாதையில் வைக்காமல், அலகின் முதுகை மேசையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். அசைந்தால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது இரும்பு. வாவிக் கரையில் உப்புக்காற்று ஓய்வதில்லை. கார்பன் இரும்பு நல்ல கூர் பிடிக்கும், சாதாரண சாணைக்கல்லிலேயே தீட்டலாம், ஆனால் துடைக்காமல் வைத்தால் சீக்கிரம் துருவேறும். துருப்பிடிக்காத இரும்பைப் பராமரிப்பது இலகு. மலிவானதாக இருந்தால் கூர் நிற்காது. தினமும் துடைத்துச் சிறிது எண்ணெய் பூசுபவருக்குக் கார்பன், மற்றவர்களுக்கு மற்றது. மழுங்கிய கத்திக்குக் கூடுதலாக அழுத்த வேண்டும், அழுத்தும் கைதான் வழுக்கும். அதனால் கத்தியோடு சாணைக்கல்லுக்கும் காசு ஒதுக்குங்கள்.

மூன்றாவது பிடி. வியர்த்த கையில் பளபளக்கும் உலோகப் பிடி நிற்காது. மரமோ சொரசொரப்பான பிளாஸ்டிக்கோ நல்லது. அலகு மூன்று அங்குலம் போதும். சிவப்பு, மஞ்சள் பிடி என்றால் புல்லில் விழுந்தாலும் கண்டுபிடிக்கலாம்.

பத்துப் பன்னிரண்டு ஆயுதம் ஒன்றாக மடங்கும் மலிவுச் சாமானைக் கண்டு மயங்க வேண்டாம். சுவிஸ் இராணுவத்தின் முதல் கத்தியில் இருந்தவை நான்கு: அலகு, தமர், டின் திறப்பான், திருகாணி முடுக்கி. சிப்பாய்க்குத் தேவையானவை அவைதான். எங்கள் வேலைக்குத் தேவை ஒரு நல்ல அலகு.

இனி, கத்தி கூடாத இடங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவே கூடாது. கீறினால் இரத்தப் பெருக்கும் கிருமியும்தான் மிச்சம். காலை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். சாராயம் குடிக்கப் போகும்போதும், திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும்போதும் கத்தி வீட்டில் இருக்கட்டும். யுத்தகாலச் சோதனைச்சாவடிகளில் மடியில் ஒரு கத்தி இருந்ததற்காக எத்தனை பேர் வெயிலில் நின்றார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். "பாதுகாப்புக்கு" என்று கத்தி வைப்பவர் தனக்கும் மற்றவருக்கும் ஆபத்தையே கொண்டுபோகிறார். பிள்ளைகளின் புத்தகப்பையையும் ஒருமுறை பாருங்கள். வகுப்பறையில் நாங்கள் இதைச் சும்மா சொல்லவில்லை.

இப்போது அந்தப் பதிலுக்கு வருவோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் கேட்பது, விபத்து தொழிலின் காரணமாகவும் தொழிலின்போதும் நடந்ததா என்பதையே. கத்தியை யார் வாங்கினார் என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. பசளை மூடை எங்கள் வீட்டு மூடை அல்ல. ஆகவே காயம் சிறிதென்றாலும் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி எழுத்தில் பதியுங்கள், கண்டவர் பெயரையும் சேருங்கள், வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்புத் தடுப்பூசி பற்றியும் அங்கே கேளுங்கள்.

அதோடு, தோட்ட வேலைக்கான கத்தியைத் தோட்டமே தரவேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. பூட்டுள்ள ஒரு கத்தி, குழுவுக்கு ஒரு சாணைக்கல், ஒரு சோடி கையுறை. "கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள்" என்பார்கள். ஒவ்வொரு தேங்காயையும் எண்ணத் தெரிந்தவர்களுக்குக் கத்தியை எண்ணுவது கஷ்டமா? கையெழுத்து வாங்கிக் கொடுக்கட்டும், வேலையை விடும்போது திருப்பிக் கொடுக்கிறோம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு உங்கள் கத்திகளைப் பையில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றின் பூட்டையும் சேர்ந்து சோதித்து, எத்தனை தேறவில்லை என்று எழுதுவோம். நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கோரிக்கைக் கடிதத்தில் அந்தக் கணக்குத்தான் முதல் வரியாக இருக்கும்.