தஞ்சாவூரை நடந்து பாருங்கள்

ஐரோப்பாக் கண்டத்தில் ஆற்றங்கரையில் அமைந்த பழைய ராஜதானிகள் பல இருக்கின்றன. செக் தேசத்துப் பிரேக் பட்டணம் அவற்றில் ஒன்று. வல்தாவா நதிக்குக் குறுக்கே நான்காம் சார்லஸ் என்னும் அரசன் 1357இல் ஆரம்பித்துவைத்த கல்பாலம் அங்கு இன்றும் நிற்கிறது. அதன்மேல் வண்டி போகக்கூடாது. மனிதர் நடக்க மாத்திரமே அது. அந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் காலால் நடந்தே பார்க்கிறார்கள். அங்கு மட்டும் கட்டுக்கதை இல்லையா என்றால், இருக்கிறது. பாலத்துச் சுண்ணாம்பிலே கோழிமுட்டை கலந்தார்களாம். ஒரு ஊரார், வழியில் உடைந்துவிடுமே என்று முட்டைகளை அவித்து அனுப்பிவிட்டார்களாம். பாலத்தின்மேலுள்ள ஒரு சாமியார் சிலையின் அடித்தகட்டைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லி, ஜனங்கள் தொட்டுத் தொட்டு அது கண்ணாடிபோல் மின்னுகிறது. வெள்ளைக்காரனுக்கும் இந்த வியாதி உண்டு என்பதற்காகவே இதைச் சொன்னோம். ஆனால் முட்டைக் கதையை அவன் சிரித்துக்கொண்டு சொல்கிறான். நம்மவர்களோ நம்மூர்க் கதையைக் கன்னத்தில் போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

நிற்க. நமக்கும் ஒரு ராஜதானி உண்டு. சோழர், நாயக்கர், மராத்தியர் என்று மூன்று வம்சத்தார் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து ஆண்ட ஊர் தஞ்சாவூர். கடைசி ராஜா 1855இல் ஆண் சந்ததியில்லாமல் செத்துப்போகவே, கம்பெனியார் அதை எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊருக்கு இன்று பிரயாணிகள் கூட்டங்கூட்டமாய் வருகிறார்கள். வந்து என்ன செய்கிறார்கள்? காரைவிட்டு இறங்குகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள், பெரிய கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வாயைப் பிளக்கிறார்கள், யாராவது ஒருவன் சொல்லும் அற்புதத்தைக் கேட்டுக்கொள்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள், கும்பகோணத்துக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். அடுத்த தெருவில் அரண்மனை இருப்பதுகூடப் பலபேருக்குத் தெரிவதில்லை.

அந்த அற்புதங்கள்தான் எவை? முதலாவது, கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்பது. தோழர்களே, இதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். மாலை 4 மணிக்கு வெயிலடிக்கிற ஒரு நாளில் அங்கே போய் நின்று பாருங்கள். நிழல் விழுந்திருக்கும், அந்த நிழலிலேயே உட்கார்ந்துகொண்டு, நிழல் விழாது என்று ஒருவர் மற்றொருவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பதையும் காணலாம். இரண்டாவது, நந்தி வளர்ந்துகொண்டே போயிற்றாம்; முதுகில் ஆணி அடித்து அதை நிறுத்தினார்களாம். அந்த நந்தி நாயக்கர் காலத்தது. கோயில் கட்டிப் பல நூறு வருஷங்களுக்குப் பிறகு வந்த கல் அது. மூன்றாவதுதான் வெகு வேடிக்கை. பதவியில் உள்ளவர்கள் முன்வாசல் வழியாய் வந்தால் பதவி போய்விடுமாம். தினமும் ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் அந்த முன்வாசல் வழியாகத்தான் போய்வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்காவது கூலி வேலை என்னும் பதவி போனதாக நாம் கேள்விப்படவில்லை.

இக்கதைகளால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கக்கூடும். நஷ்டம் இருக்கிறது. வண்டலும் நெல்லுமான அந்தச் சீமையில் கருங்கல் மலையே கிடையாது. அவ்வளவு கல்லையும் வெளியிலிருந்து இழுத்து வந்து, 200 அடிக்கு மேல் ஏற்றி, 1010ஆம் ஆண்டில் கலசம் வைத்து முடித்தவர்கள் மனிதர்கள். கணக்குத் தெரிந்த தச்சர்களும், கை காய்த்துப்போன கூலிகளும் செய்த வேலை அது. அதை அற்புதம் என்று சொல்கிறவன் உழைத்தவனுடைய பெருமையைத் திருடி, இல்லாத ஒருவருக்குக் கொடுக்கிறான். திருட்டு என்பது பணத்தில் மட்டுமா நடக்கிறது?

இதைவிட மோசமான ஒரு சங்கதியையும் கேளுங்கள். இக்கோயிலைக் கட்டினவன் யார் என்பதே நம்மவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஸ்தலபுராணக்காரர்கள், கரிகால சோழனுக்குக் குஷ்டம் வந்ததென்றும், அது தீர்ந்ததற்காக அவன் கட்டினானென்றும் எழுதிவைத்தார்கள். ஜனங்களும் நம்பினார்கள். ஆனால் அதே கோயிலின் சுவரில், கட்டினவன் ராஜராஜன் என்று தமிழில், முழ முழமாய் வெட்டிவைத்திருந்தது! அந்தச் சுவரைச் சுற்றித்தான் தினமும் பிரதட்சணம் செய்தார்கள். ஒருவரும் படிக்கவில்லை. ஹுல்ஷ் என்கிற ஜெர்மானியர் 1880களில் வந்து அந்த எழுத்துக்களைப் படித்து அச்சில் போட்ட பிறகே நமக்கு நம் ராஜா யார் என்று தெரிந்தது. புராணம் சொன்ன ராஜா பொய். கல் சொன்ன ராஜா மெய். சுற்றிவந்தவன் பக்தனாகவே இருந்தான். நின்று படித்தவன் அந்நியன். நின்று பார்க்கத் தெரியாத நடை செக்குமாட்டு நடையேயன்றி வேறல்ல.

சரி, அந்தக் கல்லில் என்னதான் இருக்கிறது? ராஜா கொடுத்த பொன், வெள்ளி, நகைகளின் எடை, ஊர்கள் அளக்கவேண்டிய நெல் ஆகியவை இருக்கின்றன. கிராமச் சபைகளுக்குக் கொடுத்த காசுக்கு, காசு ஒன்றுக்கு வருஷம் அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி என்றுகூட இருக்கிறது. தேவஸ்தானத்தின் வட்டிக்கடைக் கணக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது! அதுமட்டுமல்ல. கோயில் வேலைக்காக 400 பெண்களைத் திருவாரூர், பழையாறு முதலிய பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடிவைத்தார்கள். ஒவ்வொருத்தியின் பெயரும், அவள் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பதும், தளிச்சேரித் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் இருக்கிறாள் என்பதும் வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஆளுக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். இக்காலத்து முனிசிபாலிட்டியார் வைத்திருக்கும் வீட்டு இலக்கப் புத்தகத்தைப் போன்றது அது. அவர்களோடு கூட நட்டுவர், மத்தளம் அடிப்பவர், சங்கு ஊதுபவர், குயவர், வண்ணார், தையற்காரர், தட்டார் எல்லோருக்கும் பங்கு எழுதப்பட்டிருக்கிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லனும், ராஜாவின் பெயரையே பட்டமாகப் பெற்ற ஒரு நாவிதரும் அதில் இருக்கிறார்கள்.

இதைக் கண்டு ஆகா, ராஜராஜன் எவ்வளவு சமத்துவவாதி என்று சிலர் கூத்தாடுகிறார்கள். அவர்கள் பக்கத்துக் கல்லையும் படிக்கவேண்டும். வரி நீங்கின நிலங்களை எழுதும்போது, ஊருக்கு ஊர் “தீண்டாச்சேரி”, “பறைச்சேரி” என்று தனியாய்ப் பிரித்து எழுதியிருப்பதும் அதே ராஜாவின் அதே கோயிலில்தான். 400 பெண்களின் பெயரைப் பொறித்ததை மரியாதை என்று எடுத்துக்கொண்டாலும், அவர்களை ஊர் ஊராகப் பிடுங்கி வந்து கோயிலுக்குச் சொந்தமாக்கிய முறை பின்னால் என்ன கதிக்கு வந்தது என்பதும், அதை ஒழிக்க 1947இல் சட்டம் செய்ய வேண்டியிருந்தது என்பதும் யாவரும் அறிந்ததே. ராஜாவைத் தூஷிக்க வேண்டும் என்பது நமது எண்ணமல்ல. அவன் தன் காலத்து மனிதன். அவனை இந்தக் காலத்துத் தலைவனாக்கிச் சிலைமுன் மேளம் கொட்டுகிறவர்களைத்தான் கேட்கின்றோம்.

இனி, நடப்பது என்னும் விஷயத்துக்கு வருவோம். தெருவில் நடப்பது ஏதோ அற்ப காரியம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. 1924இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது எதற்காக? கோயிலுக்குள் நுழைவதற்குக்கூட அல்ல; கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் மனிதன் நடப்பதற்காக. அதே 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன், பொதுத் தெருவிலும் கிணற்றிலும் சகலருக்கும் உரிமை உண்டு என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்ற வேண்டியிருந்தது. நாய் நடந்த தெருவில் மனிதன் நடக்கச் சட்டசபைத் தீர்மானம்! பெரிய கோயில் உட்பட அரண்மனைத் தேவஸ்தானத்துக் கோயில்கள் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறக்கப்பட்டது 1939இல். கணக்குப் பண்ணிப் பாருங்கள். கோயில் கட்டி முடித்து 929 வருஷங்கள். அந்த நெல்லை விளைவித்துக் கொடுத்தவனுடைய சந்ததிக்கு வாசற்படி தாண்ட அவ்வளவு காலம் பிடித்தது. கோயிலைக் காட்டுகிற எந்த ஆளாவது இந்த 929ஐச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? 80 டன் ஒரே கல் என்று வாய் ஓயாமல் சொல்வான். (உச்சிக்கல் ஒரே கல்லல்ல, பல துண்டுகள் சேர்ந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லுகிறார்கள். அது இருக்கட்டும்.)

மொழியின் கதையும் அப்படியே. தமிழில் கல்வெட்டு நிரம்பிய கோயிலின் குடமுழுக்கில் தமிழும் ஒலிக்கலாம் என்பதற்கு 2020இல் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை இரண்டு பாஷையிலும் நடத்தலாம் என்று சொன்ன பிறகே பிப்ரவரி 5ஆம் தேதி நடந்தது. மந்திரம் எந்தப் பாஷையில் ஓதினாலும் கல்லுக்குக் காது கேட்காது என்பது நமது அபிப்பிராயம். ஆனால் மனிதனுக்கு மானம் என்று ஒன்று உண்டல்லவா?

கோயிலைவிட்டு வெளியே வாருங்கள். பார்க்கவேண்டியது இன்னும் முக்கால் பாகம் இருக்கிறது. பக்கத்திலேயே சிவகங்கைப் பூங்காவும், 1779இல் கட்டின சுவார்ட்ஸ் பாதிரியார் கோயிலும் உள்ளன. அப்பாதிரியாரிடம் படித்த சரபோஜி ராஜா, தன் வாத்தியாருக்காக இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்வித்து அங்கே வைத்திருக்கிறார். பிறகு மேல வீதி வழியாக அரண்மனைக்கு நடந்தால் சரஸ்வதி மகால். அங்குள்ள ஏடுகளில் பெரும்பகுதி சமஸ்கிருதம். தமிழ் ஏடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தமிழ்நாட்டின் நடுவில், தமிழன் கொடுத்த வரியில் சேர்த்த புத்தகசாலையின் லட்சணம் இது. ஆயினும் சரபோஜிக்கு ஒரு விஷயத்தில் நாம் கைதட்டவே வேண்டும். கண்நோய் கண்டவர்களுக்கு வைத்தியம் செய்வித்து, ஒவ்வொரு நோயாளியின் நோயையும் சிகிச்சையையும் எழுதி, கண்ணின் படத்தையும் வரையச் செய்து வைத்திருக்கிறார். திருநீறு பூசி அனுப்பாமல் குறிப்பெழுதி வைத்தார் பாருங்கள், அது அறிவு! அதே ராஜா பெரிய பரிவாரத்தோடு காசி யாத்திரையும் போனார் என்பது வேறு கதை.

கீழவாசலில் பீரங்கிமேடு இருக்கிறது. நாயக்கர் காலத்துக் கொல்லர்கள் இரும்புப் பட்டைகளைக் காய்ச்சி, வளையம் வளையமாய்ப் பூட்டிச் செய்த ராட்சதப் பீரங்கி அதன்மேல் கிடக்கிறது. நூற்றாண்டுகளாக வெயிலிலும் மழையிலும் கிடந்தும் அது இற்றுப்போகவில்லை. அதைச் செய்தவர்கள் சாஸ்திரத்தில் நாலாம் ஜாதி. கைத்தொழிலில் முதல் ஜாதி. அங்கே மாலைபோட யாரும் போவதில்லை. அதைப் பார்க்க வந்த காரையும் நாம் அதிகமாய்க் கண்டதில்லை.

அகழியைப் பற்றிச் சொல்ல வெட்கமாயிருக்கிறது. கோட்டையைச் சுற்றின அகழியில் பல இடங்களில் குப்பையும் சாக்கடையும்தான். அலங்கம் என்று தெருப்பெயர் மாத்திரம் கோட்டைமதிலை ஞாபகப்படுத்திக்கொண்டிருக்கிறது. நடைபாதை என்று போட்ட இடத்தில் கடை; கடை இல்லாத இடத்தில் மோட்டார் சைக்கிள். குடிதண்ணீருக்கும் பெண்கள் ஒதுங்குவதற்கும் வசதியைத் தேடி அலையவேண்டும். மின்சார விளக்கு அலங்காரத்துக்குப் பணம் கிடைக்கிறது. பிரயாணி நடக்கப் பாதை போடக் கிடைப்பதில்லை.

காவேரி எங்கே என்று கேட்பீர்கள். தஞ்சாவூர் காவேரிக் கரையில் இல்லை. வடக்கே 7 மைல் நடந்தால் திருவையாற்றில் இருக்கிறது. போகும் வழியில் கரந்தையில் வடவாறு. அங்கே 1911இல் தோன்றிய தமிழ்ச் சங்கத்தைப் பார்த்துவிட்டுப் போகலாம். பிறகு வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவேரி. சித்திரை மாதத்தில் போனால் ஐந்தும் மணல். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி வாக்கில் தண்ணீர் விட்டால் அதன்பின் ஐந்திலும் ஓட்டம் இருக்கும். அந்த மேட்டூர் அணை 1934இல் முடிந்தது, மனிதன் கட்டியது. தஞ்சைக்குள்ளே இர்வின் பாலத்தின் கீழே ஓடும் புதுஆறும் அந்தக் காலத்தில் வெட்டினதே. ஆடிப்பெருக்குக்குப் பூப்போடுகிறவர்கள் மேட்டூர் மதகு திறக்கிறவரை நினைப்பதில்லை. இந்த ஆறுகள் பாயும் கீழ்த்தஞ்சையில்தான் வெண்மணி என்ற ஊர் இருக்கிறது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி இரவு, கூலி கேட்டவர்களின் குடும்பத்தார் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். டூரிஸ்ட் புத்தகங்களில் நெற்களஞ்சியம் என்று பச்சை வயல் படம் போடுகிறார்கள்; இந்த ஊரின் பெயரைப் போடுவதில்லை.

ஆகவே, சர்க்காரையும் தொல்பொருள் இலாகாவையும் நாம் கேட்பது அதிகமல்ல. தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரையும், தச்சர், நாவிதர், தையற்காரர் பெயர்களையும் இக்காலத்துத் தமிழ் எழுத்தில் பெரிய பலகையில் எழுதி, அந்தக் கல்வெட்டுக்கு அருகிலேயே நிறுத்தட்டும். தீண்டாச்சேரி என்று எழுதிய வரியையும் மறைக்காமல் எழுதட்டும். 1939 என்ற வருஷத்தை வாசலில் போடட்டும். பள்ளிப் பிள்ளைகளை வாத்தியார்கள் பஸ்ஸில் அடைத்துக் கொண்டுவந்து கோயிலை மாத்திரம் காட்டாமல், பீரங்கிமேட்டுக்கும் கரந்தைக்கும் நடத்திக் கொண்டுபோகட்டும்.

பலகை வரும்வரை நீங்களே போய்ப் பாருங்கள். காலை 6 மணிக்கு ரயிலடியில் இறங்கினால், இர்வின் பாலத்தைத் தாண்டி, வெயில் ஏறுமுன் கோயில் மதிலுக்குப் போய்விடலாம். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாரும் அந்தப் பழைய எழுத்துக்களில் ஒன்றிரண்டை முதல் நாளிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள்.