பக்கத்து வீட்டு கட்-ஆஃப்

பிளஸ் டூ முடிவு வந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது, சென்ற ஆண்டு பிள்ளையைப் பொறியியலில் சேர்த்த குடும்பத்தைத்தான். ஹாஸ்டல் சாப்பாடு, ரசீதில் வராத கட்டணம் பற்றியெல்லாம் எந்தக் கையேடும் சொல்லாது, கேட்கத்தான் வேண்டும். "எங்களுக்கு 178-க்கே கிடைத்தது" என்ற பேச்சுதான் வம்பு. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், வினாத்தாளின் கடுமையைப் பொறுத்து ஆண்டுதோறும் ஏறி இறங்கும். இடமோ தரவரிசை, இடஒதுக்கீட்டுப் பிரிவு, விருப்பப் பட்டியலின் வரிசை மூன்றையும் பார்த்தே ஒதுக்கப்படுகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கிடைத்த இடம், மெட்ரிக் பள்ளிப் பிள்ளைக்கு எப்படி அளவுகோலாகும்?

முதல் தலைமுறைப் பட்டதாரி உருவாகும் வீட்டுக்கு வேறு யார் வழிகாட்டி என்பார்கள். நியாயம்தான். அந்த வீட்டாரும் மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசையையும் பிரிவையும் விசாரிக்கலாம். ஒரு வீட்டில் அல்ல, நாலு வீட்டில்.