போலீஸாரும் தோட்டாச் சிக்கனமும்

2019 நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி ஜில்லாவாயிற்று. குற்றாலத்தில் சாரல் காலத்தில் திரளும் ஜனங்களைக் காப்பதும் அந்த ஜில்லாப் போலீஸாரின் பொறுப்பே. அவர்கள் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் சர்க்கார், அதைப் பழகுவதற்கு வேண்டிய தோட்டாக்களையும் தாராளமாய்க் கொடுக்க வேண்டாமா? இதில் சிக்கனம் வீண் சிக்கனம். பழகாத கை நடுங்கும். நடுங்கும் கையிலுள்ள துப்பாக்கியால் குற்றவாளியைவிடக் குடிஜனங்களுக்கே அபாயம் அதிகம். ஆரம்பப் பயிற்சிக்கு .22 ரகத் தோட்டா போதும், விலையும் குறைவு.

பழகுமிடம் பத்திரமாயிருத்தலும் அவசியம். 2021 டிசம்பர் 30-ந் தேதி புதுக்கோட்டை நார்த்தாமலைச் சுடுதளத்தருகே குண்டு பாய்ந்த 11 வயதுப் பாலகன் சில தினங்களில் மாண்டான். மலையடிவாரம் என்பது மட்டும் போதாது. குண்டைத் தாங்கும் மண்மேடும், காவலும், ஊராருக்கு முன்னறிவிப்பும் வேண்டும்.

குறி தவறாமை மட்டுமே பயிற்சியாகாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸார் சுட்டு 13 பேர் மாண்டனர். சுடுவதற்குத் தகுந்த காரணமிருக்கவில்லையென்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் கண்டது. அங்கே தவறியது குறியன்று, விவேகமே. எப்பொழுது சுடலாகாது என்பதே முதற்பாடம். தோட்டாவுக்குப் பணம் ஒதுக்கி, பயிற்சிக் கணக்கை ஆண்டுதோறும் சட்டசபையில் வைக்கும்படி சர்க்காரை வற்புறுத்துகிறோம்.