புளியரை மலைச்சாலையில் சாரலும் பனியும்: வேகத்தை எது தீர்மானிக்க வேண்டும்?

கார்த்திகை பிறந்துவிட்டால் செங்கோட்டை வழியாகச் செல்லும் வாகனங்களின் எண்ணிக்கை கூடிவிடும். மதுரை, விருதுநகர், ராஜபாளையம் பக்கமிருந்து வரும் ஐயப்ப பக்தர்களின் வேன்களும் கார்களும் புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் நோக்கிப் போகின்றன. கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள் ஆண்டு முழுவதும் ஓடுவதும் இதே கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலையில்தான் (எண் 744). வடகிழக்குப் பருவமழையும் மலையிலிருந்து இறங்கும் பனிமூட்டமும் இந்தச் சாலையைச் சோதிப்பதும் இதே மாதங்களில்தான்.

கண்டம்தோறும் மலைச்சாலை விபத்துகளுக்குப் பிறகு நாம் கேட்கும் வாசகம் ஒன்றுதான்: "பிரேக் பிடிக்கலை." அது பெரும்பாலும் பாதி உண்மை. பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

என்ன நடக்கக்கூடும்?

2024 பிப்ரவரியில் கேரளத்திலிருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி ஒன்று, புளியரை எஸ் வளைவுப் பகுதியில் கட்டுப்பாட்டை இழந்து கீழே உள்ள ரயில் பாதையில் விழுந்தது. நள்ளிரவு நேரம். ஓட்டுநர் உயிரிழந்தார். சத்தம் கேட்டு வந்த வயதான தம்பதி, டார்ச் லைட்டுடன் தண்டவாளத்தில் ஓடி, வந்துகொண்டிருந்த ரயிலை நிறுத்தினார்கள். தமிழக அரசு அவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் வெகுமதி அளித்தது. ஒரு லாரி தடம் மாறினால் அதில் இருப்பவர் மட்டுமல்ல, கீழே போகும் ரயிலும் ஆபத்தில் சிக்கும் என்பதை அந்த இரவு காட்டியது.

அடுத்த கணவாய் குமுளி. 2022 டிசம்பரில் சபரிமலையிலிருந்து திரும்பிய தேனி மாவட்டப் பக்தர்களின் வாகனம் அங்கே பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் இறந்தார்கள். சாமி பார்த்துவிட்டு, தூக்கமில்லாமல், இரவோடு இரவாக வீடு திரும்பும் பயணம்தான் மிக ஆபத்தானது.

சாரல் ஏன் பெருமழையைவிட மோசம்?

வெயில் நாளில் சாலையில் படியும் தூசி, டீசல், ஆயில், டயர் துகள் எல்லாம் அங்கேயே கிடக்கும். பெருமழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். சாரல் கழுவாது, குழைத்து வழுவழுப்பாக்கும். முதல் சாரல் விழுந்த அரை மணி நேரம்தான் டயர் அதிகம் வழுக்கும் நேரம். மரநிழலில் பாசி படிந்த ஓரங்களும், இலை விழுந்து நனைந்த வளைவுகளும் இதே ரகம்தான்.

கணக்காகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் (ஒன்றரை நொடி) சுமார் 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பின் காய்ந்த சமதளச் சாலையில் நிற்க இன்னும் 20 மீட்டர் வேண்டும். நனைந்த சாலையில் 35 மீட்டர். ஆக மொத்தம் 60 மீட்டர். உறைபனி படர்ந்த சாலையாக இருந்தால் 160 மீட்டரைத் தாண்டும். இறக்கத்திலும் பாரத்திலும் இந்தத் தூரம் மேலும் கூடும்.

பனிமூட்டத்தில் 30 மீட்டருக்கு மேல் கண்ணுக்குத் தெரியவில்லை என்று வையுங்கள். 60-ல் போனால், எதிரில் இருப்பதைப் பார்த்த பிறகு நிறுத்தவே முடியாது. 40-ல் போனாலும் 32 மீட்டர் தேவை. 30-ல் போனால்தான் சுமார் 21 மீட்டரில் நிற்கும். அதாவது, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகமே சரியான வேகம். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

இறக்கத்தில் கியரே முதல் பிரேக்

"நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்" என்ற பேச்சு இன்னும் லாரி ஸ்டாண்டுகளில் உலவுகிறது. மிச்சமாகும் டீசல் சில ரூபாய்தான். நியூட்ரலில் இறங்கும்போது என்ஜினின் தடுப்பு இல்லாமல் போய், முழு பாரமும் பிரேக்கின் தலையில் விழும். தொடர்ந்து மிதித்தால் டிரம்மும் லைனிங்கும் சூடேறி, பிடிமானம் குறையும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை. அப்போது அகலமான இடம் பார்த்து நிறுத்தி, ஆற விட வேண்டும்.

விதி எளிது: எந்த கியரில் அந்த மலையை ஏறுவீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் வேகமெடுத்த பிறகு மாற்ற முயன்றால் கியர் விழாமல் போகலாம். பிரேக்கை விட்டுவிட்டு மிதியுங்கள், கால் வைத்தபடியே இறங்காதீர்கள். ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றழுத்த முள்ளை மலை ஏறும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பனிமூட்டத்தில் செய்யக்கூடாதவை

ஹை பீம் போடாதீர்கள். அந்த வெளிச்சம் பனித்துளிகளில் பட்டுத் திரும்பி நம் கண்ணையே கூசச் செய்யும். லோ பீமும், இருந்தால் பாக் லைட்டும் போதும். ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுவது பலருக்குப் பழக்கம்; அதனால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. அது நின்ற வண்டிக்கான விளக்கு. கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்தால் ஏசியை கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள்.

வளைவில் ஹாரன் அடியுங்கள், முந்தாதீர்கள். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இது மரியாதை மட்டுமல்ல, போக்குவரத்து விதியும்கூட. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்த காரை மலைக்குக் கொண்டுபோகவே கூடாது. பைக்கில் வருபவர்கள் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காமல், இரண்டையும் மெதுவாகச் சேர்த்துப் பிடிப்பது நல்லது.

ஓட்டுநர் தலையில் மட்டும் போட்டால் போதுமா?

போதாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். பருவம் மாறினால் சாலையின் குணமும் மாறும் என்பதை அங்கே அரசே ஒப்புக்கொள்கிறது. நம்மூர்ச் சாலையில் பனிக்கட்டி உறைவதில்லை. ஆனால் கார்த்திகை முதல் தை வரை இந்தக் கணவாயின் குணம் மாறுவது ஊரறிந்த விஷயம். அதற்கென்று தனி ஏற்பாடு வேண்டாமா?

புளியரை சோதனைச் சாவடியில் எல்லா லாரியும் எப்படியும் நின்றுதான் போகிறது. பெர்மிட்டையும் சரக்கையும் பார்க்கும் அதே இடத்தில் எடையையும் டயரையும் பிரேக்கையும் பார்க்க முடியும். மூட்டம் அடர்ந்த நேரத்தில் கனரக வண்டிகளைச் சற்று நிறுத்தி, பகுதி பகுதியாக அனுப்ப முடியும். எஸ் வளைவில் உறுதியான தடுப்பும், இரவில் ஒளிரும் பட்டைகளும், பிரேக் ஆற நிறுத்த இடமும் தேவை. கேரளப் பக்கமும் தமிழகப் பக்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. மலைக்கு மாநில எல்லை தெரியாது.

வண்டி உரிமையாளர்களுக்கும் ஒரு சொல். "விடியறதுக்குள்ள லோடு இறங்கணும்" என்று போனில் நெருக்குபவர் கையிலும் அந்த ஸ்டியரிங் இருக்கிறது. மூட்டம் கலையும் வரை ஒரு டீக்கடையில் காத்திருக்கும் ஓட்டுநருக்குக் கூலி குறையாது என்ற உறுதியை முதலாளி கொடுத்தால், எந்தப் போர்டையும்விட அது அதிக உயிர்களைக் காக்கும். வேன் அமர்த்தும் பக்தர்களும் ஓட்டுநர் தூங்கினாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமாக வீடு வந்து சேர்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.