மாஸ்கோ விமானம் கடலைச் சுற்றுவது ஏன்?

இரண்டு ஊர்களுக்கு இடையே உள்ள தூரம் கூடுமா? கூடாது. ஆனால், பயண நேரம் திடீரென்று கூடிவிடும்! ருஷியாவில் அப்படித்தான் நடந்தது.

ருஷியாவின் தலைநகர் மாஸ்கோ. அதே நாட்டைச் சேர்ந்த இன்னொரு நகரம் கலினின்கிராடு. நேர்கோட்டில் தூரம் சுமார் 1,090 கிலோ மீட்டர். முன்பு ஆகாய விமானம் சுமார் 2 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. 2022-க்குப் பிறகு சுமார் 3 மணி நேரம் ஆயிற்று.

காரணம் என்ன?

தனித்து நிற்கும் நகரம்

கலினின்கிராடு ருஷியாவோடு ஒட்டி இல்லை. ஒரு பக்கம் லிதுவேனியா. மறு பக்கம் போலந்து. மேற்கே பால்டிக் கடல்.

2-வது உலகப் போருக்கு முன் அது ஜெர்மனியின் நகரம். போர் முடிந்ததும் சோவியத் ருஷியாவின் வசம் வந்தது. 1946-ல் பெயரும் மாறியது. அப்போது லிதுவேனியாவும் சோவியத் ஆட்சியில் இருந்தது. எனவே தொல்லை இல்லை.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. லிதுவேனியா தனி நாடு ஆயிற்று. ஆனாலும், அதன் மேலே ருஷிய விமானங்கள் பறந்து வந்தன.

வானத்துக்கு வேலி

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷியப் படைகள் உக்ரைன் மீது பாய்ந்தன. சில நாட்களில் லிதுவேனியா உள்பட ஐரோப்பிய யூனியன் நாடுகள், தங்கள் வானத்தில் ருஷிய விமானங்கள் பறக்கத் தடை போட்டன.

வானத்துக்கு வேலி போட முடியுமா? முடியும். ஒரு நாட்டின் மேலே உள்ள வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். இது 1944-ல் சிகாகோ நகரில் செய்த ஒப்பந்தம். கரையில் இருந்து 12 கடல் மைல் வரை, கடலும் அதன் மேல் உள்ள வானமும் அந்த நாட்டுக்கு உரியவை. அதற்கு அப்பால் எல்லாருக்கும் பொது.

அந்தப் பொது வழிதான் ருஷிய விமானங்களுக்குக் கிடைத்தது. மாஸ்கோவில் கிளம்பி, வடமேற்கே போய், பின்லாந்து வளைகுடாவில் நுழைய வேண்டும். அங்கே ஒரு கரை பின்லாந்து, எதிர்க்கரை எஸ்டோனியா. இரு நாடுகளும் 12 மைல் கேட்டால், குறுகலான இடத்தில் நடுவே வழியே இராது. 1994-ல் அவை செய்துகொண்ட உடன்பாட்டின்படி, குறைந்தது 6 கடல் மைல் அகலத்துக்கு நடுவே ஒரு சந்து விட்டிருக்கின்றன. அதில் புகுந்து, பால்டிக் கடலில் தெற்கே திரும்பி, ஊர் சேர வேண்டும்.

பதிலுக்குப் பதில்

ருஷியாவும் சும்மா இருக்கவில்லை. 36 நாடுகளின் விமானங்களுக்குத் தடை போட்டது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் இருந்து ஜப்பானின் டோக்கியோவுக்கு முன்பு சுமார் 9½ மணி நேரப் பயணம். அது சுமார் 13 மணி நேரம் ஆயிற்று. எரிபொருள் செலவும் ஏறியது.

இவையெல்லாம் சிறிய துன்பம். சண்டை தொடங்கிய அன்றே உக்ரைனின் வானம் பயணிகள் விமானங்களுக்கு அடியோடு மூடப்பட்டது. கீவ் நகர மக்கள் விமானம் ஏற, முதலில் ரெயிலில் வெகுதூரம் போய்ப் போலந்து சேர வேண்டியதாயிற்று.

தூரத்தை அளப்பது கிலோ மீட்டர். பயண நேரத்தை அளப்பதோ, நாடுகளுக்கு இடையே உள்ள சமாதானம்!