ஒப்பனை யாருக்காக?

(இயற்பியல் மூன்றாமாண்டு மாணவன்)

கருத்து நன்றாக இருந்தால் போதும், அதை எப்படி எழுதி வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பார்வைக்குக் கவர்ச்சியாக இருந்தால் போதும், உள்ளே என்ன இருந்தால் என்ன என்று எண்ணுபவர்களும் உண்டு. இவ்விரு சாராரும் ஒருவரை மறந்துவிடுகின்றனர். அவர்தாம் படிப்பவர்.

வலைத்தளம் என்றதும் பெரிய நிறுவனங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தம் பொழுதுபோக்கைப் பற்றித் தாமே எழுதி வைக்கும் தனி மனிதர்களின் சிறு தளங்களும் உலகெங்கும் உள்ளன. திருப்பனந்தாளிலிருந்து நாள்தோறும் பேருந்தில் கும்பகோணம் வந்து படிக்கும் நானும் அப்படி ஒன்றை வைத்திருக்கிறேன். சிறு மின்னணுச் சுற்றுகளையும் அவற்றை இயக்கும் நிரல்களையும் தமிழில் விளக்குவதே அதன் வேலை. வயலில் ஈரம் எவ்வளவு என்று காட்டும் கருவி, மும்முனை மின்சாரம் வந்துவிட்டதை விளக்கெரித்துச் சொல்லும் கருவி போன்றவை அதில் இடம்பெற்றுள்ளன. சென்ற விடுமுறை முழுவதும் அத்தளத்தின் தோற்றத்தைச் சிறிது சிறிதாகச் செப்பம் செய்து வந்தேன். வரிகளின் இடைவெளி, எழுத்தின் அளவு, நிறம், படத்தின் அகலம் என்று ஒவ்வொன்றாக. “சர்க்யூட் வேலை செய்யுதுல்ல, அப்புறம் எழுத்துக்கு என்னடா அலங்காரம்?” என்று நண்பர்கள் நகைத்தனர். அந்த நகைப்புக்கு விடை கூறவே இக்கட்டுரை.

ஏட்டிலிருந்து அச்சுக்கு

விடையைத் தேடி வெகுதொலைவு செல்ல வேண்டியதில்லை. 1854இல் தோன்றிய நம் கல்லூரியிலேயே அது இருக்கிறது. 1880 முதல் 1903 வரை இங்குத் தமிழாசிரியராக விளங்கியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய நூல்களை அவர் அச்சேற்றியது இக்கல்லூரிப் பணிக்காலத்திலேதான்.

அவர் கைக்குக் கிடைத்த ஏடுகள் எப்படி இருந்தன? மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது. ஓலையில் எழுதியவர்களைக் குறை கூற முடியாது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும்; இடம் விட்டெழுத ஓலையில் இடமில்லை. ஆசிரியர் அருகிருந்து பாடம் சொன்ன காலத்தில் அந்த எழுத்துமுறையே போதுமானதாகவும் இருந்தது.

அச்சு வந்தபின் நிலைமை மாறியது. ஆசிரியர் அருகில் இல்லாத ஒருவர், எங்கோ ஓர் ஊரில், தனியே அமர்ந்து அந்நூலைப் படிக்க வேண்டும். ஆகவேதான் ஐயரவர்கள் பாடபேதங்களைக் காட்டினார், நூலாசிரியர் வரலாறு எழுதினார், அரும்பதங்களுக்கு அகராதி சேர்த்தார், அடிக்குறிப்பு இட்டார். இவற்றால் கவிஞனின் கருத்தில் ஒன்றும் கூடவில்லை. ஆனால் அக்கருத்தைச் சென்றடையும் பாதை செப்பமாயிற்று. தெரியாத ஒருவருக்காகப் பக்கத்தை ஒழுங்குபடுத்துவது வீண் அலங்காரமன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

வலையில் வந்த ஒழுங்கு

உலகளாவிய வலை 1991இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. டிம் பெர்னர்ஸ் லீ அமைத்த முதல் தளத்தில் எழுத்தும் இணைப்புகளுமே இருந்தன. ஒப்பனை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. 1994 அக்டோபரில் ஹோகன் வியும் லீ என்பார், பக்கத்தின் பொருள் ஓரிடத்திலும் அதன் தோற்றத்துக்குரிய விதிகள் வேறிடத்திலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் முன்வைத்தார். அதுவே சி.எஸ்.எஸ். என்னும் ஸ்டைல் ஷீட். 1996 டிசம்பரில் அது தரநிலையாக ஏற்கப்பட்டது.

இத்திட்டத்தின் உயிர்நாடி ஒன்றுண்டு. பக்கத்தை எழுதியவர் இடும் விதிகளோடு, படிப்பவரின் விருப்பத்துக்கும் அதில் இடம் தரப்பட்டது. எழுத்து பெரிதாக வேண்டும் என்று படிப்பவர் விரும்பினால், பெரிதாக்கிக்கொள்ளலாம். எழுதியவனுக்கு மட்டும் முழு அதிகாரம் கொடுக்கப்படவில்லை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

தமிழுக்கு வலையில் இடம் தேடித் தந்தவர்களும் பெரும்பாலும் தம் ஓய்வு நேரத்தையும் உழைப்பையும் ஈந்த தனி மனிதர்களே. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் ‘முரசு அஞ்சல்’ கண்ட முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ஆகியோரை நன்றியுடன் நினைக்க வேண்டும். இவர்களுள் கல்யாணசுந்தரம் வேதியியல் அறிஞர். ஆய்வுப் பணிக்கிடையே ‘மயிலை’ என்னும் எழுத்துருவை உருவாக்கி, யாரும் பயன்படுத்த இலவசமாக வழங்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியே தமிழ் நூல்கள் மின்வடிவு பெறவும் முன்னின்றார். அந்நாளில் தளத்துக்குத் தளம் எழுத்துமுறை வேறு. உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே தெரியும். யூனிகோடு பரவிய பின்னரே அந்தத் தொல்லை நீங்கியது. எழுத்து தெரிகிறது, இனி அது படிக்கும்படி இருக்க வேண்டும். நம் தலைமுறைக்கு எஞ்சியுள்ள வேலை இதுவே.

தமிழெழுத்து கேட்பது

ஆங்கிலப் பக்கத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்கு அப்படியே வைத்தால் பொருந்தாது. நம் எழுத்துகளில் இகர ஈகாரச் சுழிகள் மேலே எழுகின்றன. உகர ஊகாரக் குறிகள் கீழே இறங்குகின்றன. வரிகள் நெருங்கியிருந்தால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் வரியுயரம் கொடுத்தால் கண்ணுக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. என் தளத்தில் 1.7 மடங்கு வைத்திருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ஒரு சொல்லை அழுத்திக் காட்டச் சாய்வெழுத்து இடுவர். தமிழில் அதற்கென வடித்த எழுத்துருக்கள் மிக அரிது. நிமிர்ந்த எழுத்தையே இயந்திரம் பிடித்துச் சாய்த்துவிடுகிறது. தடித்த எழுத்தே நமக்குப் போதும். நம் சொற்களோ நீளமானவை. ‘இணைக்கப்பட்டிருக்கவேண்டும்’ என்பது போன்ற ஒரு சொல் கைப்பேசியின் ஒரு வரியையே அடைத்துக்கொள்ளும். இருபுற ஓரமும் நேராக வரவேண்டுமென்று கட்டளையிட்டால், இடையிடையே பெரும் பள்ளங்கள் விழும். ஆகவே இடப்புறம் மட்டும் நேராக இருப்பதே நலம்.

நிரலும் சுற்றும்

கதைப் பக்கத்தில் ஒப்பனை பிழைத்தால் கண் வலிக்கும், அவ்வளவுதான். மின்னணுப் பக்கத்தில் பிழைத்தால் செய்யும் பொருளே பழுதாகும்.

நிரல் எழுதுவோர் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். நிரலில் மேற்கோள் குறி நேராக இருக்க வேண்டும். அழகு கருதிச் சில தளங்கள் அதைத் தாமாகவே வளைந்த குறியாக மாற்றிவிடுகின்றன. அதை நகலெடுத்து ஆர்டுயினோவில் இட்டால் பிழை என்று மறுக்கிறது. இரு குறிகளுக்கும் உள்ள வேற்றுமை கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. புதிதாகக் கற்கும் மாணவன் தன் அறிவின்மேலேயே ஐயம் கொள்கிறான். சுழியமும் ஆங்கில ‘ஓ’ எழுத்தும், ஒன்று என்னும் எண்ணும் ஆங்கிலச் சிறிய ‘எல்’ எழுத்தும் வேறுபட்டுத் தெரியும் எழுத்துருவை நிரலுக்குத் தேர்ந்தெடுப்பதும் இதுபோன்ற கடமையே.

மின்தடையை எடுத்துக்கொள்வோம். சிவப்பு, சிவப்பு, பழுப்பு என்றால் 220 ஓம். சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்றால் 22,000 ஓம். ஐந்து வோல்ட்டில் ஒரு சிவப்பு எல்.இ.டி.யை எரிக்கும்போது அதற்குச் சுமார் 2 வோல்ட் போக மீதி 3 வோல்ட் மின்தடையின்மேல் விழும். 220 ஓம் வழியே ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் ஓடி விளக்குப் பளிச்சென்று எரியும். 22,000 ஓம் என்றால் அதில் நூற்றில் ஒரு பங்குதான் ஓடும். விளக்கு எரிவதே தெரியாது. சிறிய திரையில், மங்கிய படத்தில், பழுப்பையும் ஆரஞ்சையும் எல்லாராலும் பிரித்தறிய முடியுமா? நிறக்குருடு உள்ளவர் என்ன செய்வார்? நிறத்தை மட்டும் நம்பாமல், படத்தருகே ‘220 ஓம்’ என்று எண்ணாலும் எழுதிவிட்டால் தீர்ந்தது. கம்பிகளுக்கும் அவ்வாறே ‘அ’, ‘ஆ’ என்று பெயரிட்டுவிடலாம்.

எல்லாவற்றினும் முதன்மையானது எச்சரிக்கை. நம் பகுதியில் பம்புசெட் இல்லாத ஊர் ஏது? மோட்டார் ஸ்டார்ட்டரோடு ரிலேயை இணைக்கும் முறையை விளக்கும் பக்கங்கள் வலையில் பல. மும்முனை இணைப்பில் இரு முனைகளுக்கிடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. ‘முதலில் மெயினை அணைத்துவிடுக’ என்னும் வரியை வெளிர்சாம்பல் நிறத்தில், படத்துக்குக் கீழே, பொடியெழுத்தில் போட்டிருக்கும் பக்கங்களை நான் பார்த்திருக்கிறேன். நட்ட நடு வெயிலில், மோட்டார் கொட்டகை வாசலில், கீறல் விழுந்த கைப்பேசித் திரையில் அந்த வரி எப்படித் தெரியும்? எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று வலைத் தரநிலைகளை வகுக்கும் கூட்டமைப்பே வழிகாட்டியுள்ளது. என் கருத்தில், எச்சரிக்கை வரிக்கு அதுவும் போதாது. வெள்ளைப் பின்னணியில் கறுப்பெழுத்து, பெரிய எழுத்து, படத்துக்கு முன்னால் என்பதே அதற்குரிய முறை. இங்கே ஒப்பனை என்பது ஓர் உயிரின் காப்பு.

வளைந்து கொடுத்தல்

எங்கள் ஊர்க் கோயில் வரலாற்றைப் பலரும் அறிவீர்கள். மாலை சூட்ட வந்த தாடகை என்னும் அடியவள், ஆடை நெகிழ, கையை உயர்த்த முடியாமல் தவித்தாள். அவளுக்காக இறைவன் தம் திருமுடியைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது புராணம். பின்னர் அதை நிமிர்த்த அரசன் யானைகளைப் பூட்டி இழுத்தும் இயலவில்லை. குங்கிலியக் கலயர் தம் கழுத்தில் கயிறு பூட்டி அன்பால் இழுக்கவே நிமிர்ந்தது என்பர். புராணத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதிலுள்ள பண்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். எட்டாதவருக்கு எட்டும்படி குனிவது பெருமைக்கு இழுக்கன்று.

வலைப்பக்கமும் அப்படிக் குனிய வேண்டும். அகன்ற திரையில் மூன்று பத்தியாக நிற்பது, கைப்பேசியில் ஒரே பத்தியாக மடங்க வேண்டும். படம் திரைக்கு வெளியே ஓடாமல் அகலத்துக்கு ஏற்பச் சுருங்க வேண்டும். இணைய இணைப்பு மெதுவாக உள்ள இடத்தில் அசையும் படங்களும் கனமான எழுத்துருக்களும் வேண்டாதவை. கைப்பேசியிலேயே தமிழ் எழுத்துரு இருக்கும்போது, நம் பெருமைக்காக இன்னொன்றை அவர் தலையில் ஏற்றுவானேன்? அதை இறக்கிக்கொள்ள ஆகும் செலவு அவருடையதல்லவா?

எல்லையும் வேண்டும்

ஒரு மறுப்பை இங்கு எதிர்பார்க்கிறேன். “தோற்றத்தைத் திருத்துகிறேன் என்று தொடங்கியவர்கள் அதிலேயே மூழ்கி, ஒரு கட்டுரைகூட எழுதாமல் போகிறார்களே?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். உண்மைதான். நாற்றங்காலுக்கு வரப்பு கட்டிக்கொண்டே இருந்து விதைக்க மறந்தவனை யாரும் விவசாயி என்று சொல்லமாட்டார்கள். ஆகவே ஒரு சிறு விதியைக் கைக்கொள்ளலாம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன், “இதனால் படிப்பவர் எதைக் கூடுதலாகக் காண்பார்?” என்று கேட்க வேண்டும். விடை இருந்தால் செய்க. “எனக்கு அழகாகத் தோன்றுகிறது” என்பது மட்டுமே விடையானால், கணிப்பொறியை மூடிவிட்டு அடுத்த கட்டுரையை எழுதத் தொடங்குக. வரியிடைவெளி இந்தச் சோதனையில் தேறும். எச்சரிக்கையின் நிறம் தேறும். தலைப்பில் மின்னும் விளக்குகள் தேறா.

‘கலைக்கதிர்’, ‘துளிர்’ போன்ற இதழ்கள் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியவை. அந்த மரபு வலையிலும் தொடர வேண்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் பயிலும் நம் ஊர்த் தம்பி தங்கையர், ரேடியோ, மோட்டார் பழுது பார்ப்போர் ஆகியோருக்குத் தாய்மொழியில் தெளிவான பக்கம் கிடைப்பது அரிது. தமிழில் தேடிக் கிடைத்த ஒரு பக்கமும் படிக்க முடியாமல் இருந்தால், அவர்கள் தமிழே தொழில்நுட்பத்துக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடுவர். ஒரு பக்கத்தின் குறை மொழியின் குறையாகிவிடும்.

நம் கல்லூரியில் இயற்பியல் துறை இருக்கிறது, கணிப்பொறி இருக்கிறது, தமிழ்த் துறையின் பெருமையோ நாடறிந்தது. இவை கைகோத்தால் என்ன? சுற்றை நாங்கள் அமைக்கிறோம். நிரலைக் கணிப்பொறி மாணவர் சரிபார்க்கட்டும். சொல்லைத் தமிழ் மாணவர் செப்பம் செய்யட்டும். பின்னர் அப்பக்கத்தை இத்துறைகளில் எதையும் சாராத ஒருவரிடம், வெயிலில் நிற்கும்போது, அவருடைய கைப்பேசியிலேயே காட்டுவோம். அவர் தடுமாறும் இடமெல்லாம் நாம் திருத்த வேண்டிய இடம். அவர் தடையின்றிப் படித்து, சுற்றை இணைத்து, விளக்கையும் எரித்துவிட்டால் நம் ஒப்பனை வென்றது. ஒப்பனை இருந்ததே அவர் கண்ணில் படாமல் போனாலும் அதில் நமக்கு நட்டமில்லை.